பொதிக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

ஃபோர்ட் ஸ்டிகின் என்றொரு சரக்குக் கப்பல். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடித்துச் சிதறியது. இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் முதலில் தங்கத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். கப்பலில் 31 பெட்டிகள் இருந்தன, பெட்டிக்கு நான்கு தங்கக் கட்டிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் கிலோ. வெடிப்பில் அவை வானத்தில் பறந்தன. துறைமுகத்தைத் தூர்வாரும்போது பல பத்தாண்டுகள் கழித்தும் கட்டிகள் கிடைத்தன. நல்ல கதைதான். ஆனால் திருப்பூர்க்காரர்களுக்கு அந்தக் கப்பலில் இருந்து சொல்ல வேண்டியது தங்கத்தின் கதை அல்ல, பஞ்சின் கதை. அந்தக் கப்பலில் தீ பிடித்தது பஞ்சுப் பேல்களில்.

நான் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து, முன்னணி தீயணைப்போராக ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம்தான். பனியன் கம்பெனி, நூல் மில், சாயப்பட்டறை, வேஸ்ட் குடோன் என்று இந்த ஊரில் எரியக்கூடிய இடம் எதுவோ அதன் வாசலில் எல்லாம் ஹோஸ் பிடித்து நின்றிருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் பயிற்சி வகுப்பில் இந்தக் கப்பலைப் பற்றி இரண்டு வரி சொன்னார்கள். பிறகு நானாகத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது எங்கேயோ பம்பாயில் நடந்த போர்க்காலச் சம்பவமாக எனக்குத் தோன்றவே இல்லை. மங்கலம் ரோட்டில் ஏதோ ஒரு குடோன் வாசலில் நிற்பதுபோலவே இருந்தது.

கப்பலின் வாழ்க்கை மிகச் சிறியது. ஹிட்லரின் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக் கடலில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்த காலம் அது. போன கப்பலுக்குப் பதில் கப்பல் வேண்டும், வேகமாக வேண்டும். கனடாவின் கப்பல் கட்டும் தளங்கள் ஒரே மாதிரி வரைபடத்தை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் சரக்குக் கப்பல்களைக் கட்டித் தள்ளின. அவற்றில் ஒரு வரிசைக்குப் பழைய வணிகக் கோட்டைகளின் பெயரை வைத்தார்கள். கனடாவின் மேற்குக் கரையில் பிரின்ஸ் ரூபர்ட் என்ற ஊரில் 1942-ல் கட்டப்பட்டது ஃபோர்ட் ஸ்டிகின். 7,142 டன் கொள்ளளவு, நிலக்கரியில் ஓடும் நீராவி எஞ்சின். அழகுக்காகவோ நீண்ட ஆயுளுக்காகவோ கட்டிய கப்பல் அல்ல. சில பயணங்கள் தாங்கினாலே போட்ட காசு எடுத்தாயிற்று என்ற கணக்கில் கட்டியது.

கடைசிப் பயணத்துக்கு 1944 பிப்ரவரி 24 அன்று இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் இருந்து புறப்பட்டது. ஜிப்ரால்டர், சூயஸ் வழியாகக் கராச்சி. உள்ளே 1,395 டன் வெடிபொருள். குண்டுகள், டார்ப்பிடோக்கள், கண்ணிவெடிகள். அதோடு பெட்டிகளில் அடைத்த போர் விமானங்கள். விமானங்கள் கராச்சியில் இறங்கின. இறங்கியதும் கப்பலில் இடம் காலியானது. போர்க்காலத்தில் காலி இடத்தோடு கப்பல் போவது பாவம் மாதிரி. பம்பாய்க்குப் போக வேண்டிய சரக்கு கராச்சியில் குவிந்து கிடந்தது. 8,700 பேல் பஞ்சு, மசகு எண்ணெய் டிரம்கள், மரம், பழைய இரும்பு, கந்தகம், மீன் உரம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் ஏற்றினார்கள். கேப்டன் அலெக்சாண்டர் நைஸ்மித் ஆட்சேபித்தார். எரியக்கூடியது, வெடிக்கக்கூடியது எல்லாவற்றையும் ஒரே கப்பலில் ஏற்றுகிறார்களே என்பது அவர் கவலை. கவலை கேட்கப்பட்டது, சரக்கும் ஏறியது.

இன்றைய கணக்கில் ஒரு பேல் 170 கிலோ என்று வைத்துக்கொண்டால், 8,700 பேல் என்பது ஏறக்குறைய 1,480 டன். வெடிபொருள் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு பஞ்சு. அதுவும் தனித்தனி மூலையில் அல்ல. இரண்டாம் எண் சரக்கறையில் அடியில் பஞ்சு, அதே அறையின் மேல் தட்டில் வெடிபொருள். இப்படி அடுக்கியது யாரோ ஒரு முட்டாள் என்று நான் நினைக்கவில்லை. சரக்கைக் கப்பலுக்குள் நிரப்புவது ஒரு திறமையான வேலை. எடை சமமாக நிற்க வேண்டும், அலையில் நகரக் கூடாது, முதலில் இறங்குவது மேலே இருக்க வேண்டும். அந்த வேலையைச் சரியாகவே செய்தார்கள். எது எதற்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்ற ஒன்றை மட்டும் அவசரம் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

ஏப்ரல் 12 அன்று கப்பல் பம்பாய் விக்டோரியா டாக்கில் வந்து நின்றது. வெடிமருந்து ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும் என்பது துறைமுக வழக்கம். இந்தக் கப்பலில் கொடி ஏறவில்லை. பக்கத்தில் நின்ற கப்பல்காரர்களுக்கும், கரையில் மூட்டை தூக்கியவர்களுக்கும், அந்தப் பக்கம் சும்மா நடந்து போனவர்களுக்கும் இது இன்னொரு சரக்குக் கப்பல், அவ்வளவுதான். வெடிமருந்தை இறக்குவதற்கான படகுகள் வந்து சேரத் தாமதம். அதற்குள் மற்ற சரக்கை இறக்க ஆரம்பித்தார்கள்.

14-ஆம் தேதி, மதியச் சாப்பாட்டு நேரத்தை ஒட்டி, இரண்டாம் எண் அறையில் இருந்து மெல்லிய புகை வருவதைச் சிலர் பார்த்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலையாட்கள் திரும்பி வந்து அறைக்குள் இறங்கியபோதுதான் அடியில் பஞ்சு புகைகிறது என்று தெரிந்தது. இரண்டே கால் மணிக்குத்தான் தீயணைப்புக்கு அழைப்பு போயிற்று. அதுவும் முதலில் சாதாரண அழைப்பாகவே போயிற்று. உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்த பிறகே கூடுதல் வண்டிகள் வந்தன.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் கை பதறும். தொள்ளாயிரம் டன்னுக்கு மேல் தண்ணீரை அந்த அறைக்குள் கொட்டினார்கள். தீ எங்கே இருக்கிறது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை, அவ்வளவு புகை. கப்பலைச் சுற்றித் தண்ணீர் கொதித்தது. ராணுவ வெடிபொருள் அதிகாரி ஒருவர் வந்து சரக்குப் பட்டியலைப் பார்த்துவிட்டு, கப்பலை மூழ்கடித்துவிடுங்கள் என்றார். இழுத்துக் கடலுக்குக் கொண்டுபோகலாமா என்ற பேச்சும் இருந்தது. கேப்டன், துறைமுக நிர்வாகி, தீயணைப்புத் தலைவர், ராணுவ அதிகாரி, எல்லாரும் அங்கே இருந்தார்கள். முடிவெடுக்க வேண்டியவர் யார் என்பதுதான் தெரியவில்லை. தண்ணீரைப் பாய்ச்சுவது மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

மூன்று ஐம்பதுக்குக் கப்பலை விட்டு இறங்கச் சொன்னார்கள். நான்கு மணி ஆறு நிமிடத்துக்கு முதல் வெடிப்பு. கப்பல் இரண்டாகப் பிளந்தது. 12 கிலோமீட்டர் தள்ளி இருந்த கண்ணாடிகள் உடைந்தன. பக்கத்தில் நின்ற ஜலபத்மா என்ற கப்பல் தூக்கி எறியப்பட்டுக் கரைமேல் விழுந்தது. அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது வெடிப்பு, அது முதலாவதைவிடப் பெரிது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் சிம்லாவில் இருந்த நிலநடுக்கக் கருவி அந்த அதிர்ச்சியைப் பதிவு செய்தது. எரிகிற பஞ்சுப் பொதிகள் மழையாக நகரத்தின்மேல் விழுந்து, குடிசைகளையும் கிடங்குகளையும் கொளுத்தின. இறந்தவர் எண்ணிக்கை எண்ணூறில் இருந்து ஆயிரத்து முந்நூறு வரை என்கிறார்கள். எண்பதாயிரம் பேர் வீடு இழந்தார்கள். கேப்டன் நைஸ்மித் இறந்தார். பம்பாய்த் தீயணைப்புப் படையில் 66 பேர் இறந்தார்கள்.

போர்த் தணிக்கை காரணமாக ஊர்ப் பத்திரிகைகள் வாரக் கணக்கில் எதையும் எழுத முடியவில்லை. மறுநாளே உலகத்துக்குச் செய்தி சொன்னது ஜப்பானியர் கையில் இருந்த சைகோன் வானொலி.

பஞ்சு எப்படி எரியும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பனியன் தொழிலில் இருப்பவர்கள்கூட இதைச் சரியாகத் தெரிந்துவைத்திருப்பதில்லை. உதிரிப் பஞ்சு பற்றினால் குப்பென்று எரிந்து முடிந்துவிடும். அதை நெருப்பு என்று எல்லாரும் பார்க்கலாம். அழுத்திக் கட்டிய பேல் வேறு. ஒரு பொறி மேல்தாளில் பட்டு உள்ளே இறங்கினால் வெளியே எதுவும் தெரியாது. உமி மூட்டத்தில் தணல் உள்ளுக்குள்ளேயே நடந்து போகுமே, அப்படி மணிக் கணக்கில், சில நேரம் நாள் கணக்கில் உள்ளேயே ஊர்ந்து போகும். மேலே தண்ணீர் அடித்தால் மேல் அங்குலம் நனையும், நடுவில் சூடு அப்படியே இருக்கும். அணைந்துவிட்டது என்று வண்டியைக் கிளப்பினால், விடியற்காலையில் அதே குடோனில் இருந்து மறுபடி அழைப்பு வரும். பேலை வெளியே இழுத்துப்போட்டு, பட்டையை வெட்டி, பிரித்து, கையால் கிளறி நனைத்தால் ஒழிய அணைந்தது என்று சொல்ல முடியாது. பஞ்சுத் தீயில் எங்களுக்குப் பாதி வேலை ஹோஸோடு அல்ல, கடப்பாரையோடும் கொக்கியோடும்தான்.

இப்போது அந்தக் கப்பலின் அடித்தட்டை நினைத்துப் பாருங்கள். பேலை வெளியே எடுக்க வழியில்லை. மேலே மரம், அதற்கும் மேலே வெடிபொருள். தண்ணீர் நிறைய நிறைய, பொதி மிதந்து மேலே ஏறும். எரிகிற பஞ்சைத் தண்ணீரே தூக்கிக்கொண்டுபோய் வெடிமருந்துக்குப் பக்கத்தில் வைக்கும். அங்கே நின்றவர்கள் முட்டாள்கள் அல்ல. அவர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதத்தை, அவர்கள் பழகிய விதத்தில் பயன்படுத்தினார்கள். வெடிபொருள் இருப்பது தெரிந்த பிறகும் யாரும் ஹோஸைப் போட்டுவிட்டு ஓடவில்லை. ஆனால் தெரிய வேண்டிய நேரம் அது அல்ல. தீ பிடித்த பிறகு தெரிந்துகொண்டால் உயிரைக் கொடுக்கும் தைரியத்துக்கு மட்டும்தான் இடம் மிஞ்சும். யோசிக்க இடம் மிஞ்சாது.

பிறகு நடந்த விசாரணை மூன்று காரணங்களைச் சொன்னது. போர் காரணமாக இவ்வளவு வெடிபொருளைத் துறைமுகத்துக்குள்ளேயே கொண்டுவர வேண்டிவந்தது ஒன்று. பஞ்சையும் வெடிபொருளையும் சேர்த்து அடுக்கியது இன்னொன்று. புகை கண்ட முதல் நிமிடங்களில் நிலைமையின் தீவிரத்தை உணராதது மூன்றாவது. யாரோ புகை பிடித்துவிட்டுப் போட்ட துண்டில் இருந்து தீ வந்திருக்கலாம் என்றார்கள். எதிரியின் சதி என்று பலர் பேசினார்கள், அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

பம்பாயில் இறந்த அந்த 66 தீயணைப்போருக்காகத்தான் இந்தியா முழுக்க ஒவ்வொரு ஏப்ரல் 14-ம் தீயணைப்பு நிலையங்களில் நீத்தார் நினைவு நாள் நடக்கிறது. 20-ஆம் தேதி வரை தீத்தொண்டு வாரம். காலையில் நிலையத்தில் மலர்வளையம் வைப்போம், பிறகு பள்ளிக்கூடம், மில், பஸ் ஸ்டாண்டு என்று செயல்விளக்கம் செய்து துண்டறிக்கை கொடுப்போம். அன்றைக்குச் சித்திரை முதல் நாள், அம்பேத்கர் பிறந்த நாள். ஊர் விடுமுறையில் இருக்கும். பனியன் கம்பெனிகள் மூடியிருக்கும். அதனால் இந்த ஊரில் அந்த நாள் எதற்காக என்று தெரிந்தவர்கள் மிகக் குறைவு. பஞ்சை நம்பி வாழும் ஊருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இனித் திருப்பூருக்கு வருகிறேன். இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்து போய் நின்றால், கேட்டில் வாட்ச்மேன் மட்டும் இருப்பார். பெரும்பாலும் வெளியூர்க்காரர், இப்போதெல்லாம் வெளி மாநிலத்துக்காரர். "உள்ளே என்னங்க இருக்குது?" என்று கேட்டால், "பனியன் துணிதானுங்க சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முதலாளியைப் போனில் பிடித்தால் அவர் தூக்கக் கலக்கத்தில், "எல்லாம் துணியும் வேஸ்ட்டும்தானுங்க, ஒண்ணும் பயப்படறதுக்கு இல்லீங்க" என்பார். ஷட்டரை உடைத்து உள்ளே போனால், கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே, எங்கேயோ குறைந்த விலைக்கு வாங்கிப் போட்ட கெமிக்கல் டிரம்கள் வரிசையாக நிற்கும்.

சாயத் தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். துணியை வெளுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டும். அது ஆக்சிஜனைத் தானே கொடுத்து எரிவதைத் தூண்டும் பொருள். மூடிய அறையில் புகை நிறைந்து தீ மூச்சுத் திணற வேண்டிய இடத்திலும் அது தீக்கு மூச்சு கொடுக்கும். சாயத்தைக் கழற்றவும் குறைக்கவும் ஹைட்ரோஸ் என்ற வெள்ளைத் தூள், சோடியம் ஹைட்ரோசல்ஃபைட். இது ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். கந்தகப் புகை கிளம்பித் தொண்டையை அடைக்கும். பக்கத்தில் பஞ்சு இருந்தால் பற்றிக்கொள்ளும். இதில் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிப்பதுதான் செய்யக்கூடிய ஆகக் கெட்ட வேலை. வெள்ளமாகத் தண்ணீர் இருந்தால் முக்கி அணைக்கலாம், இல்லை என்றால் தண்ணீரைத் தொடாமல் உலர் தூளும் காய்ந்த மணலும்தான். ஒரு வண்டித் தண்ணீரோடு வந்து நிற்கும் நாலைந்து பேருக்கு இது எவ்வளவு பெரிய முடிவு என்று யோசித்துப் பாருங்கள். அந்த டிரம்மில் இருப்பது ஹைட்ரோஸா, காஸ்டிக்கா, உப்பா என்று தெரிந்தால்தான் அந்த முடிவையே எடுக்க முடியும்.

கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். கடல்வழி அபாயச் சரக்குகளுக்கு உலகம் முழுக்க ஒரே விதித்தொகுப்பு இருக்கிறது. அதில் ஹைட்ரோஸுக்குக் கொடுத்திருக்கும் வகுப்பு 4.2, அதாவது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியவை. அதே 4.2-ல் இன்னொரு பொருளும் இருக்கிறது: எண்ணெய் ஊறிய பஞ்சுக் கழிவு. நிட்டிங் மிஷினுக்கும் ஓவர்லாக்குக்கும் கீழே விழுந்து, ஆயில் குடித்து, மூலையில் சாக்கில் கட்டிப் போடுகிறோமே, அதுதான். ஈரப் பஞ்சும் அதே வகுப்பில் வருகிறது. உலகம் இவற்றை ஒரே வரிசையில் வைத்துப் பயப்படுகிறது. நம் குடோனில் இவற்றை ஒரே சுவரில் சாய்த்து வைக்கிறோம்.

இவை தீப்பிடித்தே தீரும் என்று சொல்லவில்லை. ஆண்டுக் கணக்கில் ஒன்றும் ஆகாமல் கிடக்கலாம். ஃபோர்ட் ஸ்டிகினும் கராச்சியில் இருந்து பம்பாய் வரை பத்திரமாகத்தான் வந்தது.

கடலிலும் இந்தப் பிரச்சினை முடிந்துவிடவில்லை. 2021-ல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியது. நைட்ரிக் அமிலம் கசிந்த ஒரு கண்டெய்னரில் தொடங்கியது. 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சி போகும் வழியில் மூழ்கியது. 640 கண்டெய்னர்களில் 13 அபாயச் சரக்கு, அவற்றில் 12-ல் கால்சியம் கார்பைடு, தண்ணீர் பட்டால் எரிவாயு கிளம்பும் பொருள். பதினைந்தே நாளில், ஜூன் 9 அன்று கேரளக் கரைக்கு அப்பால் வான் ஹாய் 503 கப்பல் தீப்பிடித்தது. 22 பேரில் 18 பேரை மீட்டார்கள், நாலு பேரைக் காணவில்லை. நம் ஊர் டி-சர்ட்டுகள் தூத்துக்குடியில் இருந்தும் கொச்சியில் இருந்தும் இந்த மாதிரிக் கப்பல்களில்தான் போகின்றன. நம் கண்டெய்னருக்குப் பக்கத்துக் கண்டெய்னரில் என்ன என்று நமக்குத் தெரியாது. அதை ஏற்றியவர் உண்மையாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று நம்பித்தான் அனுப்புகிறோம். அதே நம்பிக்கையை நம் கேட்டுக்கு வெளியே வந்து நிற்கும் தீயணைப்பு வண்டிக்கும் நாம் கொடுக்க வேண்டும்.

அதனால் நான் கேட்பது ஒரு பலகை.

கேட்டுக்கு வெளியே, தெருவில் நின்று டார்ச் அடித்தால் படிக்கக்கூடிய உயரத்தில். உள்ளே என்னென்ன சரக்கு, எந்தப் பகுதியில், ஏறக்குறைய எவ்வளவு. கெமிக்கல் இருந்தால் அதன் பெயர், கம்பெனி வைத்த பிராண்டுப் பெயர் அல்ல, பொருளின் பெயர். மெயின் ஸ்விட்ச் எங்கே. தண்ணீர்த் தொட்டி எங்கே, எத்தனை லிட்டர். பின்பக்கம் வழி உண்டா. இரவில் யாரைக் கூப்பிட வேண்டும், அவர் எடுக்கவில்லை என்றால் அடுத்து யார். அந்த யார் என்பவர் ஷட்டரை உடைக்கவும் சுவரை இடிக்கவும் சரி என்று சொல்லும் அதிகாரம் உள்ளவராக இருக்க வேண்டும். விக்டோரியா டாக்கில் அப்படி ஒருவர் இல்லாமல்தான் நேரம் போயிற்று. ஆபீஸ் பீரோவுக்குள் ஃபைலில் இருக்கிறது என்று சொல்லாதீர்கள். தீ பிடிக்கும்போது ஆபீஸும் சேர்ந்துதான் எரியும்.

சட்டத்தில் இது இல்லாமல் இல்லை. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி 41பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அபாயமான வேலை நடக்கும் தொழிற்சாலை, அந்த அபாயத்தைத் தொழிலாளிக்கும், அதிகாரிக்கும், உள்ளாட்சிக்கும், சுற்றி வாழும் மக்களுக்கும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது அந்தப் பிரிவு. போபால் ராத்திரியில் என்ன வாயுவை நோயாளிகள் சுவாசித்தார்கள் என்று தெரியாமல் டாக்டர்கள் தவித்த பிறகு வந்த பிரிவு அது. ஆனால் திருப்பூரின் ஆபத்தில் பெரும்பங்கு பெரிய தொழிற்சாலைகளில் இல்லை. அங்கே ஸ்பிரிங்க்ளர் இருக்கிறது, வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் வந்து தீயணைப்பானின் தேதியைப் பார்க்கிறார், மாதிரிப் பயிற்சி நடக்கிறது. ஆபத்து இருப்பது வீட்டுக்குக் கீழே, சந்துக்குள், தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் வேஸ்ட் குடோனிலும், ஜாப் ஒர்க் பிரிண்டிங்கிலும், வாடகைக்கு எடுத்த கெமிக்கல் ஸ்டோரிலும். அவற்றில் பல சட்டத்தின் பார்வையில் தொழிற்சாலையே அல்ல. ஆடிட்டர் அந்தச் சந்துக்குள் வருவதில்லை. வருவது நாங்கள்தான், அதுவும் எரிந்த பிறகு. 2023 ஜூனில் காதர்பேட்டையில் பனியன் கடைகள் வரிசையாக எரிந்ததை ஊரே பார்த்தது. ஒரு கடையில் இருந்து அடுத்த கடைக்குத் தீ போக எத்தனை நேரம் ஆகும் என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்தது.

பலகை வைத்தால் அதிகாரிகள் வந்து தொல்லை கொடுப்பார்கள் என்று சிலர் என்னிடம் நேராகவே சொன்னார்கள். கெமிக்கல் என்று எழுதினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரும், பக்கத்து வீட்டுக்காரர் மனு கொடுப்பார், இடத்தின் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்வார். இந்தப் பயம் நியாயமானதுதான். சாயப்பட்டறைகள் பட்ட பாட்டைப் பார்த்த ஊர் இது. அதனால்தான் இதை ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய முடியாது என்கிறேன். ஏற்றுமதியாளர் சங்கம், சாய ஆலை உரிமையாளர்கள், கழிவுப் பஞ்சு வியாபாரிகள், மாநகராட்சி, தீயணைப்புத் துறை எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே மாதிரிப் பலகையை முடிவு செய்யட்டும். பலகையில் உண்மையை எழுதிய ஒரே காரணத்துக்காக யார்மேலும் நடவடிக்கை இருக்காது என்று துறை வாக்குக் கொடுக்கட்டும். எழுதாமல் மறைத்தவருக்கு மட்டும் கேள்வி இருக்கட்டும். பொருளை வைத்திருப்பதைவிட அதை மறைத்து வைத்திருப்பதுதான் உயிரை எடுக்கிறது.

திருட்டுப் பயம் என்று இன்னொரு காரணம் சொல்வார்கள். ஹைட்ரோஸ் திருட யாரும் வரமாட்டார்கள். துணி எவ்வளவு இருக்கிறது என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. குடோன் முழுக்கத் துணி என்றால் அது எங்களுக்குப் பார்த்தாலே தெரியும்.

பலகையோடு சில வேலைகள் உண்டு, இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. வேஸ்ட் மூட்டைகளை டியூப் லைட்டைத் தொடும் அளவுக்கு அடுக்காதீர்கள். அடுக்குக்கு நடுவே ஒரு ஆள் கொக்கியோடு நடந்து போக வழி விடுங்கள், ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன். ஆயில் வேஸ்ட்டைச் சாயங்காலமே வெளியே எடுத்து மூடியுள்ள இரும்பு டிரம்மில் போடுங்கள். பெராக்சைடையும் ஹைட்ரோஸையும் ஒரே அறையில் வைக்காதீர்கள், இரண்டையும் பஞ்சுக்கு அருகில் வைக்கவே வைக்காதீர்கள். சாயங்காலம் பூட்டும்போது புகை வாசம் லேசாகத் தெரிந்தால், 'காலையில் பார்த்துக்கலாம்' என்று பூட்டிவிட்டுப் போகாதீர்கள். பஞ்சு காலை வரை காத்திருக்காது. எங்களைக் கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போக நேர்ந்தால் எந்த வண்டியும் கோபித்துக்கொள்ளாது.

எல்லாரும் ஒரே நாளில் செய்யமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒரு வரிசை சொல்கிறேன். பஞ்சும் துணியும் மட்டும் வைத்திருப்பவர்கள் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளட்டும். ஹைட்ரோஸோ பெராக்சைடோ ஒரு டிரம் வைத்திருப்பவர்கள், அது சாயப்பட்டறையாக இருந்தாலும் சந்துக்குள் இருக்கும் ஸ்டோராக இருந்தாலும், இந்த வாரமே எழுதி மாட்டட்டும். பெயின்டர் கிடைக்கவில்லை என்றால் ஒரு அட்டையில் மார்க்கரால் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, கம்பியால் கேட்டில் கட்டிவிடுங்கள். எழுதியதில் ஒரு நகலை உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தில் கொடுங்கள். வண்டி கிளம்பும்போதே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வருவார்கள்.